வைகாசி வெயிலில் முந்நூறு ரூபாய்ப் பாட்டில்

போன வைகாசியில் ஒரு நாள், வேலைக்குப் போன என் தங்கை மகன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். இராமநாதபுரத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அன்று காலை அவன் சட்டையில் அடித்துக்கொண்டு போனது துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஊது சென்ட். நல்ல சரக்கு, விலையும் அதிகம். ஆனால் பஸ் திருப்புல்லாணி வருவதற்குள் பக்கத்து ஸீட்காரர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாராம். முன் ஸீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஓர் அம்மா முந்தானையால் பிள்ளையின் மூக்கை மூடினாராம். கடையில் முதலாளி, "என்ன தம்பி, கந்தூரிக்குப் போய்ட்டு நேரா இங்க வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு இவனுக்கே தலைவலி வந்துவிட்டது.

"மாமா, வெயில்ல போட்டா ஆளை விரட்டாத சென்ட்டா ஒண்ணு சொல்லுங்க. ஐநூறு ரூபாய்க்குள்ள. இனிப்பு வாசம் வேணாம், ஆம்பள வாசமா இருக்கணும்" என்றான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. துபாய் தேராவில், தங்கக் கடைத்தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற அத்தர் கடைத்தெருவில் 22 வருஷம் நின்று விற்றவன் நான். எங்கள் பெரியபட்டினம் சபுராளிகளின் ஊர். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். பெட்டி கட்டி வரும்போது துணிக்கு நடுவில் சென்ட் பாட்டில் இல்லாமல் வந்தால் கௌரவக் குறைச்சல். அதனால் நான் ஊரோடு வந்த பிறகும், "இது ஒரிஜினலா, பாத்துச் சொல்லுங்க காக்கா" என்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வாசலில் நிற்பது நின்றபாடில்லை. ஒரிஜினலா என்று கேட்பார்களே தவிர, இந்த ஊர் வெயிலுக்கு இது ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவன் இவன்தான். அதுவும் பட்ட பிறகு.

ஊது என்கிற அகில் கட்டையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 22 வருஷம் சோறு போட்ட கட்டை. ஆனால் அது குடியிருக்க வேண்டிய இடம் வேறு. துபாயில் வீடு ஏசி, கார் ஏசி, கடை ஏசி. வாசலுக்கும் காருக்கும் நடுவில் இருக்கிற பத்தடிதான் வெயில். அந்தக் குளிரில் ஊது மெல்ல மெல்ல அவிழும். நம் ஆள் அதையே போட்டுக்கொண்டு பஸ் ஜன்னல் ஓரத்தில் சூடான தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால், எட்டு மணி நேரத்துக்கு அவிழ வேண்டியது அரை மணியில் மொத்தமாக அவிழ்கிறது. மணமாக இருக்க வேண்டியது நெடியாகிவிடுகிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வாசனை என்பது தோலை விட்டுப் பறந்து மூக்குக்கு வருகிற துகள்தான். பறப்பதற்குச் சூடு வேண்டும். சூடு கூடினால் பறக்கிற வேகமும் கூடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கிற லிமோனீன் சின்ன மூலக்கூறு. 10 கரி அணுக்கள்தான். அதன் கொதிநிலை 176 டிகிரி. சந்தனத்தில் இருக்கிற சாண்டலால் 15 கரி அணுக்கள் கொண்ட கனமான மூலக்கூறு. அது கொதிக்க ஏறக்குறைய 300 டிகிரி வேண்டும். நம் தோல் கொதிக்காதுதான். ஆனால் யார் முதலில் ஓடுவார், யார் கடைசி வரை இருப்பார் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். எலுமிச்சை வாசம் அடித்த உடனே பிரமாதமாக இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆள் இருக்காது. கட்டை வாசமும் வேர் வாசமும்தான் நின்று பேசும்.

அப்படியானால் வெயிலுக்கு வேண்டியது என்ன? மேலே கொஞ்சம் எலுமிச்சை மாதிரி ஒரு குளிர்ச்சி, அடியில் இனிப்பில்லாத கட்டையோ வேரோ. கடைக்காரர்கள் பாஷையில் 'ஃபிரெஷ் உட்டி'. இந்த ஆங்கிலப் பெயரை நான் வருஷக்கணக்காகச் சொல்லி விற்றிருக்கிறேன். விற்ற பொருளில் பாதி எங்கள் உம்மாவின் தண்ணீர்ப் பானைக்குள் கிடந்தது என்பது மட்டும் ரொம்ப நாள் உறைக்கவில்லை.

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டு மண்பானையில் ஒரு கட்டு வெட்டிவேர் போட்டுவிடுவார் உம்மா. வெளியே போய்விட்டு வந்து ஒரு செம்பு குடித்தால் நெஞ்சுக்குள் மழை பெய்த மாதிரி இருக்கும். அந்த வேரிலிருந்து எடுத்த எண்ணெயை நான் முதலில் மோந்தது துபாயில். ஒரு பிரெஞ்சுப் பாட்டிலைத் திறந்து காகிதத் துண்டில் தொட்டுக் காட்டினார் எங்கள் கடையின் பெரியவர். "இது எங்க வீட்டுப் பானை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் மலையாளி, அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார்.

பாட்டிலின் மேல் எழுதியிருந்ததும் 'வெட்டிவர்' என்றுதான். உலக சென்ட் வியாபாரத்தில் அந்த வேருக்கு வழங்குகிற பெயர் நம் தமிழ்ச் சொல்தான். பிரெஞ்சுக்காரர் வாயில் கடைசி அசை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. கார்வென் கம்பெனி 1957-இலும், கெர்லன் 1959-இலும் அந்தப் பெயரிலேயே ஆண்களுக்கான சென்ட் போட்டார்கள். இன்றைக்கும் இரண்டுக்கும் மதிப்புண்டு. இப்போது உலகச் சந்தைக்கு வெட்டிவேர் எண்ணெய் அதிகமாகப் போவது ஹைத்தி நாட்டிலிருந்து. நம் பக்கம் கடலூர் நொச்சிக்காட்டுக் கடற்கரை மணலில் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். மணல் நிலமாக இருந்தால் வேர் உடையாமல் நீளமாக இறங்கும், பிடுங்குவதும் சுலபம். வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடந்தால்தான் வேரில் எண்ணெய் தேறும். அலசிக் காயவைத்து, கொப்பரையில் போட்டு, ஆவியை மணிக்கணக்கில் வடிக்க வேண்டும். அவசரப்பட்டால் பச்சை வாடை வரும். கனமான சரக்கு கடைசியில்தான் இறங்கும்.

'வாடை' என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் வாடை என்பது கார்த்திகை மார்கழியில் வீசுகிற காற்றுக்கும் பெயர், கெட்ட நாற்றத்துக்கும் பெயர். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் கருவாட்டு வாடை ஊருக்குள் வரும். இரண்டுக்கும் ஒரே பெயரைப் பொருத்தம் பார்த்து வைத்தவர் யாரென்று தெரியவில்லை.

வேரை விட்டால் கட்டை. பெரியபட்டினத்துக்காரனுக்குச் சந்தனம் என்றால் சோப்பு ஞாபகம் வராது, சந்தனக்கூடு ஞாபகம் வரும். செய்யதலி ஒலியுல்லா தர்காவின் சந்தனக்கூடு, ஜாதி மதம் பார்க்காமல் சுற்றுவட்டார ஊர்களே கூடுகிற விழா. விளக்கு அலங்காரத்தோடு கூடு ஊர்வலமாக வந்து, விடிவதற்கு முன் அடக்கத்தலத்தில் சந்தனம் பூசுவார்கள். சின்ன வயதில் வாப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டே போய், உள்ளங்கையில் வாங்கிய சந்தனத்தைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டதும் தூக்கம் தெளிந்தது நினைவிருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் கழுத்தும் அதே வாசம். அவன் பொட்டு வைத்திருப்பான், நான் தொப்பி வைத்திருப்பேன். வாசம் ஒன்றுதான்.

இந்த ஊருக்கும் தூரதேசச் சரக்குக்கும் உறவு பழையது. நாங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது தோட்டம் கொத்தினால் பச்சைப் பளபளப்போடு ஓட்டுத் துண்டுகள் வரும். விளையாடிவிட்டு எறிவோம். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வு செய்தார்கள். அதன் பிறகுதான் அது சீனத்துப் பீங்கான், பல துண்டுகள் 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஜப்பானிய வரலாற்று அறிஞர் நொபுரு கராஷிமா இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பாண்டியர் காலத்துக் கல்வெட்டில் வருகிற பவித்திரமாணிக்கப்பட்டினம் இந்த ஊர்தான் என்பது பலர் கருத்து. பீங்கான் வந்த கப்பலில் வாசனைக் கட்டைகளும் ஏறி இறங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். கட்டை மக்கிவிடும், ஓடு மக்காது. அதனால் ஓட்டுக்குச் சரித்திரம் கிடைத்துவிட்டது.

சந்தனத்துக்கும் வெட்டிவேருக்கும் ஒரு ரகசிய உறவு இருக்கிறது. சந்தன மணத்தின் தலைவர் பீட்டா சாண்டலால். வெட்டிவேர் எண்ணெயில் முக்கியமானது குசிமால், வடநாட்டில் வெட்டிவேருக்கு 'கஸ்' என்று பெயர், அதிலிருந்து வந்தது. இரண்டையும் எண்ணிப் பார்த்தால் 15 கரி, 24 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, எடையும் ஒன்றே, அடுக்கி வைத்த விதம்தான் வேறு. சந்தனம் பால் மாதிரி வழவழப்பான கட்டை மணம், வெட்டிவேர் நனைந்த மண். இரண்டும் நிதானமாகப் பறப்பதால் வெயிலுக்கு இரண்டுமே தோது.

சரி, சந்தனம் வாங்கிவிடலாமே என்றால் விலையில் இடிக்கும். சந்தன மரம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் செருகி உறிஞ்சிப் பிழைக்கிற மரம். உள்ளே வைரம் பாய்ந்து மணம் ஏற பதினைந்து வருஷத்துக்கு மேலாகும். தமிழ்நாட்டில் 2002 வரை சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் சந்தன மரம் அரசாங்கத்துச் சொத்து. அதனால் கன்று முளைத்தால் வம்பு என்று பிடுங்கி எறிந்தவர்கள்தான் அதிகம். காட்டில் இருந்ததைத் திருடியே தீர்த்தார்கள். இன்றைக்குச் சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது. லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 10 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 10 கிராம் எண்ணெய். அதாவது எண்ணெய்க்கு மட்டும் 1,000 ரூபாய். திருவிழாக் கடையில் அதே அளவு பாட்டிலை 100 ரூபாய்க்கு வைத்துக்கொண்டு 'சுத்தச் சந்தன அத்தர்' என்றால், சுத்தமாக இருப்பது பாட்டில் மட்டும்தான்.

வடநாட்டு அத்தர் ஊரான கன்னோஜில் பழைய முறைப்படி அத்தர் வடிக்கிறவர்கள், ரோஜாவின் ஆவியோ கஸ் வேரின் ஆவியோ எதுவானாலும், மூங்கில் குழாய் வழியாகக் கொண்டுவந்து சந்தன எண்ணெயில்தான் இறக்குவார்கள். சந்தனம் விலையேறிய பிறகு அந்த இடத்தில் பாரபின் எண்ணெயும் வேறு ரசாயனங்களும் புகுந்துவிட்டன. விற்கிறவர் சொல்லமாட்டார். தொட்டுத் தேய்த்தால் தோலில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் நின்று மணம் ஓடிப்போகும், அப்போது தெரியும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மருமகன், "அப்ப ஐநூறு ரூபாய்க்கு வாங்குறது எல்லாம் கெமிக்கலா மாமா?" என்றான். முகம் வாடிவிட்டது.

ஆமாம், கெமிக்கல்தான். அதிலென்ன? ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் பெரும்பங்கு கெமிக்கல்தான். அமெரிக்காவின் ஐஎஃப்எஃப் கம்பெனி 1973-இல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. பெயர் ஐசோ ஈ சூப்பர். தேவதாருப் பலகையை வெயிலில் காயவைத்த மாதிரி ஒரு லேசான வாசம். 2006-இல் வந்த 'மாலிக்யூல் 01' என்ற சென்ட், இந்த ஒரே பொருளைச் சாராயத்தில் கரைத்து அடைத்ததுதான். பணக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சந்தனத்துக்கு ஜவனால், சாண்டலோர் என்று ஆய்வுக்கூடத்துப் பங்காளிகள் இருக்கிறார்கள். எலுமிச்சை ஓடிப்போகிற குறைக்கு டைஹைட்ரோமிர்சினால். சோப்புத் தூளில் பழகிய இந்தப் பொருளைத் தாராளமாக ஊற்றி 1988-இல் பியர் பூர்தோன் செய்தது 'கூல் வாட்டர்'. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் பத்து வருஷம் அந்த நீலப் பாட்டில்தான் மாப்பிள்ளை வாசம். முந்நூறு ரூபாய்ப் பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். கை அளவும் கைப்பக்குவமும் வித்தியாசப்படும், மறுக்கவில்லை. ஆனால் வெயிலுக்கான எளிமையான மணத்தில் அந்த வித்தியாசம் குறைவு. பிரியாணியில் கைப்பக்குவம் தெரியும். மோரில் எவ்வளவு தெரிந்துவிடும்?

மருமகன் நம்பவில்லை. சரி, நடந்து பார்க்கலாம் என்றேன்.

மூன்று பாட்டில். ஒன்று அவனுடைய துபாய் ஊது. இரண்டாவது அவன் தம்பி வைத்திருந்த எலுமிச்சை வாசப் பாடி ஸ்பிரே. மூன்றாவது இராமநாதபுரம் ஃபேன்ஸி கடையில் 310 ரூபாய்க்கு வாங்கிய 50 மில்லி ஓ தெ துவாலெத், அட்டையில் பெர்கமாட், வெட்டிவேர், செடார் என்று போட்டிருந்தது. மணிக்கட்டில் போடவில்லை. லுஹர் தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது முழங்கை வரை கழுவிவிடுவோமே. சென்ட் விற்பவர்கள் மணிக்கட்டு என்று சொல்வது ஐந்து வேளை கழுவாதவர்களுக்கான யோசனை. வாப்பா காலத்துப் பெரியவர்கள் அத்தர் தொட்ட பஞ்சைக் காது மடிப்பில் செருகியிருப்பார்கள், ஒளுவுக்கு முன் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். நான் ஊதை வலது புஜத்திலும், ஸ்பிரேயை இடது புஜத்திலும், மூன்றாவதை நெஞ்சிலும் போட்டுக்கொண்டேன். பதினொரு மணி வெயிலில் கடற்கரைக்கு நடந்தோம்.

பாதி தூரத்திலேயே ஸ்பிரே காலி. தடவிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பாசி ஒதுங்கி அழுகிக் கிடந்தது. ஊதின் இனிப்பும் கருவாடும் சேர்ந்ததே பார்க்கலாம்! வெல்லப்பாகில் கருவாடு போட்டு அடிப்பிடித்த மாதிரி. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "காக்கா, இன்னைக்கி ரொம்ப மணக்குறீங்க" என்றார். பாராட்டு இல்லை, குரலிலேயே தெரிந்தது. நெஞ்சில் போட்டது அந்தக் கருவாட்டோடு சண்டைக்குப் போகவில்லை. உப்புக் காற்று, ஈர மணல், அதற்குள் எங்கோ ஒரு வேர் வாசம். கடல் பக்கத்தில் இருக்கிற வாசம்தானே, பொருந்திப்போனது. மருமகன் குனிந்து என் சட்டை அருகே மோந்து பார்த்துவிட்டு, "மாமா, இது சென்ட்டு மாதிரியே இல்ல, ஆளு மாதிரி இருக்கு" என்றான். 22 வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

தொழுதுவிட்டு வந்து இரண்டரை மணிக்குப் பார்த்தபோதும் சட்டையில் லேசாக இருந்தது. நாலு மணிக்கு இல்லை. முந்நூறு ரூபாய்க்கு அவ்வளவுதான், இருக்கவும் வேண்டாம். ஓ தெ துவாலெத்தில் மணப்பொருள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பங்கு வரைதான், மற்றது சாராயமும் தண்ணீரும். சாராயம் சேர்ந்ததைப் போட்டுக்கொண்டு தொழலாமா என்பதில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மனம் ஒப்பாதவர்களுக்கு ரோல்-ஆனில் சாராயம் சேராத கஸ் அத்தர் கிடைக்கிறது. வெயிலில் அதில் ஒரு தொடல் போதும்.

இதெல்லாம் குளித்த உடம்புக்கு. புது வியர்வைக்கு வாசமே கிடையாது. அக்குளில் குடியிருக்கிற கிருமிகள் அதைத் தின்று கழிப்பதுதான் நாற்றம். அதன் மேல் எந்தப் பாட்டிலை ஊற்றினாலும் நாற்றத்துக்கு நகை போட்ட கதைதான். எலுமிச்சை, பெர்கமாட் சேர்ந்ததைத் தோலில் அடித்துக்கொண்டு நேர் வெயிலில் நிற்பதும் ஆகாது. அந்தப் பழத்தோல் எண்ணெயில் இருக்கிற சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கறுப்புத் தழும்பு போட்டுவிடும். கடலுக்குப் போகிறவர்கள், பைக்கில் சுற்றுகிறவர்கள் சட்டையின் உள்பக்கம் அடித்துக்கொள்வதே நல்லது. பாட்டிலை ஷோகேஸில் வெயில் படுகிற மாதிரி அடுக்கி வைப்பது நம் சபுராளி வீட்டுப் பழக்கம். ஆறு மாதத்தில் எலுமிச்சை செத்துவிடும். அட்டைப்பெட்டியோடு பீரோவுக்குள் வைக்க வேண்டும். நான் சொல்லி எங்கள் வீட்டிலேயே யாரும் கேட்டதில்லை.

மருமகன் இப்போது அந்த 310 ரூபாய்ப் பாட்டிலையே போட்டுக்கொண்டு போகிறான், இரண்டு அழுத்து, அதற்கு மேல் இல்லை. பஸ்ஸில் யாரும் எழுந்து போகவில்லையாம். ஊதைக் குளிர்காலக் கல்யாணங்களுக்கு என்று எடுத்து வைத்துவிட்டான். போன வாரம் தங்கை வீட்டுக்குப் போனேன். பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு, "என்னம்மா, வேர் போடலையா?" என்று கேட்டேன்.

"போட்டிருந்தேன் காக்கா. ஒங்க மருமகன் எடுத்துக் காயவச்சு, சட்டை அடுக்குற பொட்டிக்குள்ள வச்சுக்கிட்டான். கேட்டா, மாமாதான் சொன்னாருங்குறான்" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை.